பம் இல்லாத ஸ்டியரிங்

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலம் கடந்து படுவான்கரைக்கு உரமூட்டை ஏற்றிப்போகும் பழைய ஹைலக்ஸ் கெப்களில் எனக்கொரு பிரியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் இவற்றின் விலை ஏறியது, கராஜ்காரரின் மவுசும்தான்.

வாவிக்கரை உப்புக்காற்று பவர் ஸ்டியரிங்கின் இரும்புக் குழாயை அரிக்கும். சீல் தேயும், ஓயில் ஒழுகும், பம் முனகும். மாற்றுப் பம் கிடைக்காதபோது கைதேர்ந்தவர் செய்வது சின்ன வேலை, ஆனால் அழகு. பம்மின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் பெட்டிக்குப் போகும் வாயையும் திரும்பும் வாயையும் ஒரே ஓஸால் இணைத்துவிடுவார். தெரியாதவர் இரண்டையும் அடைப்பார். உள்ளே ஓயில் போக வழியின்றி ஸ்டியரிங் இறுகிவிடும். வளையமாக விட்டால் பிஸ்டனின் ஒரு பக்கத்து ஓயில் மறுபக்கம் போகும், சீலும் காயாது. முழ நீள ஓஸ், இரண்டு கிளிப். அவ்வளவுதான்.

ஓட்டத்தில் பாரம் தெரியாது. சந்தை ஒழுங்கையில் மூட்டையோடு திருப்பும்போதுதான் தோள்மூட்டு கழலும். சாதா ஸ்டியரிங்கின் பல்விகிதம் இதற்கு இல்லையே! ஆகவே இது தற்காலிக வைத்தியம். சீல் செட் கிடைத்தால் பம்மைப் பிரித்துச் சரிசெய்வதே மேல். இன்னொன்று: அதே பெல்ட்டில் தண்ணீர்ப் பம்மும் சுற்றுகிறதா என்று பார்க்காமல் பெல்ட்டில் கை வைக்காதீர்கள்.