சிற்பியின் உய்த்துணர்வும் காவலரின் சான்றும்

கலைஞன் படைத்துக் காட்டுவது உண்மையா, உய்த்துணர்வா என்னும் வினா திறனாய்வுத் துறையில் பழையது. அவ்வினா கொலை வழக்கு ஒன்றனோடு பிணைந்து நின்ற இடத்தினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட்பீல்டு நகரில், 1971ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜான் லிஸ்ட் என்பான் தன் தாய், மனைவி, மக்கள் மூவர் ஆகிய ஐவரையும் சுட்டுக் கொன்று மறைந்தான். கொன்றவன் யார் என்பதில் காவலர்க்கு ஐயமில்லை. அவன் எங்குளன் என்பதே 17 ஆண்டுகளுக்கு மேலாகப் புதிராயிருந்தது. 1989இல் பிலடெல்பியாச் சிற்பி பிராங்க் பெண்டர், முதுமையுற்ற லிஸ்டின் மார்பளவுச் சிலையைச் சமைத்தார். மே 21ஆம் நாள் தொலைக்காட்சியில் அது காட்டப்பெற்றது. ஜூன் 1ஆம் நாள், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் வேறு பெயருடன் வாழ்ந்த லிஸ்ட் சிறைப்பட்டான்.

இச்சிலையைக் கண்டோர் அதன் ஒப்புமையையே வியந்து பாராட்டினர். அப்பாராட்டு நூலை விடுத்து அட்டையைப் புகழ்வது போல்வதாம். பெண்டருக்குக் கிடைத்தவை பழைய நிழற்படங்களும் அவன் வாழ்க்கை பற்றிய செய்திகளுமே. 46 வயதினனின் முகத்தை 63 வயதினனின் முகமாக்க, தளர்ந்த கன்னமும் பின்வாங்கிய மயிரும் மட்டும் போதா. உளநூலறிஞர் ரிச்சர்டு வால்ட்டருடன் கலந்து, கண்டிப்பும் ஒழுங்கும் விரும்பும் இத்தகையான் தனக்கு மதிப்புத் தரும் தடித்த சட்டமுடைய மூக்குக் கண்ணாடியையே தேர்வான் என அவர் முடிவு செய்தார். அவ்வாறே அவன் அணிந்திருந்தான். ஆகவே சிலையின் சிறப்பு உறுப்புகளை அளந்ததில் இல்லை. குணத்தை உணர்ந்து அதனை உருவில் நிறுத்தியதில் உளது. சிதைந்த ஏட்டில் விடுபட்ட சொல்லை, ஆசிரியனின் நடையறிந்து நிரப்பும் பதிப்பாசிரியரின் பணியும் இதனோடு ஒக்கும்.

எனினும், நிரப்பிய சொல் மூலபாடம் ஆகிவிடாது. அதுபோலவே சிலையும் சான்றாகாது. முன்னாள் அண்டை வீட்டார் ஒருவர் சிலையைக் கண்டு அடையாளம் உணர்ந்து செய்தி தந்தார். சிறைப்பட்டவனோ தான் லிஸ்ட் அல்லன் எனச் சாதித்தான். அதனை மறுத்து நிலைநாட்டியவை விரல் ரேகைகளே. 1990இல் அவனுக்கு ஐந்து வாழ்நாட் சிறைத்தண்டனைகள் விதிக்கப்பெற்றன, 2008இல் இறந்தான்.

கலை தேடலைத் தூண்டிற்று; அறிவியல் தெளிவித்தது. இவ்விரண்டன் எல்லையை மயக்குதல் தீங்கு பயக்கும். சிற்பியின் கருத்துப் பிழைபட்டிருப்பின், அதே முகச்சாயலுடைய குற்றமற்ற ஒருவன் வாயிலில் காவலர் நின்றிருப்பர். ஒரு வெற்றியைக் கொண்டு உய்த்துணர்வனைத்தும் மெய் எனக் கொள்வது ஆய்வு நெறியன்று. பெண்டரின் சிலையை நாம் போற்றுவது, அது தீர்ப்பளித்தமையால் அன்று. மறந்துபோன ஐவரின் சாவை மக்கள் நெஞ்சில் மீண்டும் வினாவாக எழுப்பியமையால் எனலாம்.