அரைப் பேர்: வலன்ரைன் டானியலின் மலையக ஆய்வுகளும் மேற்கோள் மதிப்பும்

1

ஓர் ஆய்வாளரின் பெறுமதியை அவர் எழுதியவற்றின் தொகையாலும், அவற்றைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்னும் கணக்காலும் அறுதியிடும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. அமெரிக்கரான இயூஜின் கார்ஃபீல்ட் 1955இல் முன்மொழிந்த மேற்கோள் அட்டவணை 1964இல் விஞ்ஞானத் துறைகளுக்கென வெளிவந்தது. 1973இல் சமூக விஞ்ஞானங்களுக்கும், 1978இல் கலை, மனிதப் பண்பியல் துறைகளுக்கும் தனித்தனி அட்டவணைகள் தோன்றின. 2005இல் பௌதிகவியலாளர் ஹோர்கே ஹேர்ஷ், ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஒரே எண்ணாகச் சுருக்கும் சுட்டெண்ணை வகுத்தார். ஒருவரது வெளியீடுகளுள் 20 வெளியீடுகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோளாகியிருப்பின் அவரது எண் 20 ஆகும். நூல்களையும் கட்டுரைகளையும் தேடிக் கண்டறிவதற்காகப் பிறந்த கருவி, நியமனத்தையும் பதவியுயர்வையும் தீர்மானிக்கும் தராசாக மாறிய வரலாறு இதுவே.

இத்தராசு மலையகம் பற்றிய அறிவை எங்ஙனம் நிறுக்கின்றது என்பதே ஈண்டு எமது வினா. இவ்வினாவை ஆராய்வதற்கு மானிடவியலாளர் ஈ. வலன்ரைன் டானியலின் எழுத்துகள் மிகப் பொருத்தமானவை. அவை பல துறைகளிற் பயிலப்படுபவை என்பது ஒரு காரணம். அளத்தல் என்னும் செயலையே மலையகத்தை முன்னிறுத்தி ஆராய்ந்தவர் அவர் என்பது மற்றொரு காரணம்.

2

இலங்கையிற் பிறந்த டானியல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றவர். வாஷிங்டன், மிச்சிகன், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களிற் கற்பித்தவர். 1984இல் வெளிவந்த 'புளூயிட் சைன்ஸ்' (பாய்மக் குறிகள்) என்னும் அவரது முதல் நூல், தமிழகக் கிராமமொன்றில் நிகழ்த்திய கள ஆய்வின் பேறாகும். அமெரிக்க மெய்யியலாளர் சார்ள்ஸ் பியர்ஸின் குறிக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு, ஊர், வீடு, உடல், சபரிமலை யாத்திரை ஆகியவற்றினூடே தமிழர் ஒருவர் தம்மை எவ்வாறு உணர்கின்றார் என்பதை அந்நூல் விளக்க முயன்றது. 'கிராமம்' என்பது அரசாங்கப் பதிவேட்டில் எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு. 'ஊர்' என்பதோ பேசுபவர் நிற்கும் இடத்துக்கும் கேட்பவருக்கும் ஏற்ப விரிந்து சுருங்குவது. இவ்வேறுபாடு பற்றி அவர் கூறியவை மானிடவியலாளரை மட்டுமன்றிச் சமயவியலாளரையும் குறியியலாளரையும் கவர்ந்தன.

இரண்டாவது நூலின் தோற்றம் துயர் மிக்கது. தேயிலைத் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டும் நோக்குடனேயே டானியல் 1983இல் இலங்கை வந்தார். ஆனால், அவ்வாண்டின் யூலை வன்செயல்களை அடுத்து அவர் சந்தித்த மக்களிடம் பாடல்களுக்கு முன் சொல்லவேண்டிய வேறு செய்திகள் இருந்தன. அதனால் ஆய்வின் திசையே மாறிற்று. 1996இல் வெளிவந்த 'சார்ட் லலபைஸ்' (கருகிய தாலாட்டுகள்) அதன் விளைவு. வன்முறையை எழுதுவது இயலுமா, அதனை எழுதுபவர் எதற்குப் பொறுப்பாளி என்னும் வினாக்களை எழுப்பிய இந்நூல், அகதிகள் பற்றிய ஆய்விலும் வன்முறை பற்றிய கோட்பாட்டு விவாதங்களிலும் இடம்பெறலாயிற்று. இவற்றுக்கிடையே 1992இல், காலனித்துவ ஆசியாவின் பெருந்தோட்டங்கள் பற்றிய தொகுப்பொன்றை ஹென்றி பேர்ன்ஸ்ரைன், ரொம் பிராஸ் ஆகியோருடன் இணைந்து பதிப்பித்தார். 2008இல் மானிடவியல் ஆய்விதழொன்றில் 'கூலி' என்னும் தலைப்பில் நெடுங்கவிதையொன்றை வெளியிட்டார்.

இவ்வெளியீட்டு வரிசையைக் கூர்ந்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். துறைகளைக் கடந்து அதிகம் பயணஞ்செய்தவை 'ஆளுமை', 'வன்முறை' போன்ற பொதுக் கருத்தாக்கங்களே. அவற்றுக்கு உயிரூட்டிய தேயிலை மலையும், லயமும், கொழுந்தெடுக்கும் கையும் அப்பயணத்தில் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. தொலைதூரத்து ஆய்வாளர் ஒருவர் வன்முறை பற்றிய கோட்பாட்டுக்காக டானியலை மேற்கோள் காட்டும்போது ஹற்றனையோ நுவரெலியாவையோ அறிந்திருக்கவேண்டிய தேவையில்லை. மேற்கோள் பெருகுவதனால் மலையகம் அறியப்படுகின்றது என்று கொள்ளுதல் தவறு. அட்டவணை ஆய்வுலகை எல்லை வகுத்த கிராமமாகக் காண்கின்றது. எழுத்தின் தாக்கமோ வாசிப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப வேறுபடும் ஊரைப் போன்றது.

3

டானியலின் எழுத்துகளுள் மலையக வாசகர் முதன்மை கொடுக்கவேண்டியது, 1993இல் 'தேயிலைப் பேச்சு' பற்றி அவர் எழுதிய கட்டுரையாகும். பின்னர் 'கருகிய தாலாட்டுக'ளின் மூன்றாம் இயலிலும் அதன் பொருள் எடுத்தாளப்பட்டது. தோட்ட நிருவாகத்தின் விஞ்ஞான மொழியும் தொழிலாளரின் பேச்சு மொழியும் ஒரே செடியைப் பற்றியே பேசுகின்றன. எனினும், முன்னையது அளவையும் விளைச்சலையும் நாடுவது. பின்னையது செடியையும் மண்ணையும் உடலோடும் உறவோடும் சேர்த்துக் காண்பது. இவற்றுள் ஒன்றே அறிவென ஏற்கப்பட்டு மற்றையது அறியாமையென ஒதுக்கப்படும்போது, அளவீடே வன்முறையின் வடிவமாகிவிடுகின்றது.

இவ்வுண்மையை மலையக மக்கள் எந்நூலையும் கல்லாமலே அறிவர். குறிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைய நாளுக்கு 'பேர்' விழும். குறைந்தால் 'அரைப் பேர்'. செக்றோலில் எழுதப்படும் அந்தப் பேர்தான் சம்பளம். மழையில் நனைந்த மலையும், வயது முதிர்ந்த செடியும், ஏற்றத்தின் கடுமையும் தராசில் தெரிவதில்லை. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையிற் கழிக்கப்படுவது பற்றிய முறைப்பாடு தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. உழைப்பை நேர்மையாக அளப்பதாகத் தோன்றும் தராசு, எதனைக் கணக்கிற் கொள்வதென்பதை முன்னரே தீர்மானித்துவிட்ட ஒன்றாகும். மேற்கோள் அட்டவணையும் அத்தகையதே. டானியலின் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள், அவர் கண்டித்த அளவு முறையினாலேயே அவரது பெறுமதியையும் கூட்டுகின்றனர் என்பது நகைமுரண்.

4

டானியலின் எழுத்தில் குறைகள் இல்லாமலில்லை. அவரது ஆங்கில நடை கடினமானது. எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களது கைக்கு எளிதில் எட்டாதது. கூலி, உடைமை, தொழிற்சங்கம், பெண்ணுழைப்பு ஆகியவற்றின் பொருளியல் அடிப்படையை அறிய வேண்டுவோர் குமாரி ஜயவர்த்தனவின் 1972ஆம் ஆண்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றையும், அவர் ரேச்சல் குரியனுடன் இணைந்து 2015இல் வெளியிட்ட பெருந்தோட்ட ஆய்வையும் நாடவேண்டும். குறிகளின் ஆய்வு வர்க்கத்தின் ஆய்வுக்கு ஈடாகாது.

ஆயினும், இவர்கள் அனைவரும் ஆங்கிலத்தில் எழுதியோராதலின் அட்டவணையின் கண்ணுக்குப் புலப்படுவோர். டானியல் பாடல்களைத் தேடிவந்த அதே 1983இல், சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தமிழில் நூலுருப் பெற்றது. தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய அவர், மக்களின் வாய்மொழியை அவர்களுக்குள்ளிருந்தே திரட்டினார். தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராயிருந்த சாரல்நாடன், எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் இன்றி, 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' (1988), 'மலையகத் தமிழர்' (1990), 'மலையக வாய்மொழி இலக்கியம்' (1993) முதலிய நூல்களை எழுதினார். பேராதனைப் பேராசிரியர் க. அருணாசலம் 1994இல் மலையகத் தமிழ் இலக்கியத்தை முழுமையாக நோக்கி நூல் செய்தார். நடேசய்யரின் பத்திரிகைப் பணியையோ மலையக எழுத்தின் வளர்ச்சியையோ ஆராய முற்படும் எவரும் இவற்றைத் தவிர்க்கவியலாது. ஆனால், சர்வதேச அட்டவணைகளில் இவற்றுக்குக் கிடைப்பது அரைப் பேரும் அன்று, பேரே இல்லை.

சமூகவியலாளர் ரொபேர்ட் மேர்ட்டன் 1968இல் சுட்டிக்காட்டியவாறு, புகழுள்ளவருக்கே மேலும் புகழ் சேர்வது ஆய்வுலகின் இயல்பு. மொழி வேறுபாடு இதனை இன்னும் கூர்மையாக்குகின்றது. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் இளம் விரிவுரையாளர் ஒருவர், தம் மக்களுக்காகத் தமிழில் எழுதுவதா, அட்டவணைக்காக ஆங்கிலத்தில் எழுதுவதா என்று தடுமாறும் நிலை இதனால் எழுகின்றது. இத்தடுமாற்றத்தை அவரது தனிப்பட்ட பலவீனமாகக் காண்பது அநீதி.

5

எனினும், பழியனைத்தையும் அட்டவணையின்மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்குதல் தகாது. தமிழில் எழுதும் நாமே ஒருவரையொருவர் முறையாகச் சுட்டுவதில்லை. சாரல்நாடன் ஏடுகளைத் தேடித் திரட்டிய தகவலை அவர் பெயரின்றி எடுத்தாளுவோர் பலர். பக்க எண்ணும் பதிப்பாண்டும் இன்றி, பொருளகராதியும் இன்றி வெளிவரும் நூல்கள் எத்தனை! பாடிய பெண்ணின் பெயரையும் தோட்டத்தையும் குறிக்காது பாடலை மட்டும் அச்சேற்றுவதும் ஒருவகையில் அரைப் பேர் போடுவதேயாகும்.

2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், ஆய்விதழின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாது என வற்புறுத்திற்று. 2015ஆம் ஆண்டின் லைடன் அறிக்கை, உள்ளூர் மொழிகளிலும் உள்ளூர்ப் பொருள்களிலும் நிகழும் மேலான ஆய்வுகளைப் பேணுமாறு கேட்டது. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவிற் பேணிவருகின்றது. ஆகவே, நூல் கிடைக்கவில்லை என்னும் சாட்டு வரவரப் பொருந்தாததாகின்றது. மலையகம் பற்றிய தமிழ் நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும், எது எதனைச் சுட்டுகின்றது எனக் காட்டும் அட்டவணையொன்றைத் தமிழ்த் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் இணைந்து தொகுத்தல் இயலாத காரியமன்று. அது தரவரிசைக்கு உதவாவிடினும், கார்ஃபீல்ட் முதலில் எண்ணியவாறு தேடலுக்கு உதவும்.

டானியலின் புகழ் குறையவேண்டும் என்பது எமது வாதமன்று. அவர் தேடிவந்த பாடல்களைப் பாடியவர்களும், அவற்றைத் தமிழில் திரட்டியவர்களும் அதே கணக்கேட்டில் முழுப் பேர் பெறவேண்டும் என்பதே எமது வேண்டுகை. தராசைப் பிடித்திருப்பவர் எவர் என்னும் வினாவைத் தோட்டத்துத் தொழிலாளி ஒவ்வொரு மாலையும் எழுப்புகின்றாள். பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருக்கும் நாமும் அதனை எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.