அன்று, இன்று, இடையில்

அன்று–இன்று படங்களுக்கு நம் பத்திரிகைகளில் எப்போதும் மவுசு உண்டு. மவுண்ட் ரோட்டில் டிராம் ஓடிய காலத்துப் படம் ஒரு பக்கம், இன்றைய நெரிசல் மறுபக்கம். வாசகர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். பெருமூச்சைத் தாண்டி, எடுத்த இடத்திலேயே மீண்டும் எடுக்கும் இந்த மறுபட முறை எதையாவது நிரூபிக்குமா? நிரூபிக்கும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்கு இரண்டே படங்கள் போதாது. ஒவ்வொரு படமும் எந்த ஃபிலிமில் எடுக்கப்பட்டது, எப்படிக் கழுவப்பட்டது என்ற கணக்கும் கூடவே வர வேண்டும்.

இந்த முறை எவ்வளவு கறாராக இருக்க முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்க ஒளிப்படக்காரர் மார்க் கிளெட்டும் அவருடைய கூட்டாளிகளும். 1860களிலும் 70களிலும் அமெரிக்க அரசின் சர்வே குழுக்களோடு மேற்குப் பகுதிக்குப் போன டிமோதி ஓ'சல்லிவன், வில்லியம் ஹென்றி ஜாக்சன் போன்றவர்களின் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, 1977 முதல் 1979 வரை 120க்கும் மேற்பட்ட இடங்களில் அதே கோணத்தில் மீண்டும் எடுத்தார்கள். கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பெரும்பாடு. முன்னால் இருக்கும் பாறையின் விளிம்பு, பின்னால் தெரியும் சிகரத்தை எந்த இடத்தில் தொடுகிறது என்று பழைய படத்தில் பார்க்க வேண்டும். ஓரடி தள்ளி நின்றாலும் பாறை சிகரத்தைக் கூடுதலாக மறைக்கும் அல்லது விட்டு விலகும். அங்கேயே ஒரு போலராய்டு எடுத்து, பழைய படத்திலும் புதிய படத்திலும் இடைவெளிகளை ஸ்கேலால் அளந்து, விகிதம் ஒத்துவரும்வரை முக்காலியை நகர்த்துவார்கள். நிழலும் பொருந்த வேண்டும் என்பதால் மாதமும் மணியும்கூடத் தப்பக் கூடாது.

இத்தனை மெனக்கெட்டதற்கு ஒரு பலன், யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. யூட்டா மாநிலத்தில் 'சூனியக்காரிப் பாறைகள்' என்று பெயர் பெற்ற பாறைக் கூட்டத்தை ஓ'சல்லிவன் 1869ல் எடுத்திருந்தார். அதே இடத்தில் 1978ல் முக்காலியை வைத்துப் பார்த்தபோதுதான், அவர் கேமராவைச் சாய்த்துவைத்து எடுத்திருக்கிறார் என்பது தெரிந்தது. படத்தில் இருந்த மிரட்டலில் பாதி கேமராவின் சாய்வு. நிலத்தின் மாற்றத்தைத் தேடிப் போனவர்கள் பழைய படத்தின் குட்டை உடைத்துவிட்டுத் திரும்பினார்கள். மறுபட முறையின் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்: முதல் படத்தையும் அது குறுக்கு விசாரணை செய்கிறது.

இன்னொரு பலம், ஊர் முழுக்க நம்பும் கதையைப் புரட்டிப்போடுவது. கென்யாவில் மச்சாகோஸ் என்ற மலைப்பாங்கான மாவட்டம். மண் அரித்துக் குட்டிச்சுவராகிவிட்டது என்று 1930களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கைவிரித்த பூமி. 1937ல் எடுத்த மொட்டைச் சரிவுகளின் படங்கள் அதற்கு ஆவணம். அதற்குப் பிறகு மக்கள்தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. நிலம் இன்னும் பாழாகியிருக்க வேண்டும் அல்லவா? 1991ல் அதே இடங்களில் எடுத்த படங்களில் படிப்படியாக வரப்பு கட்டிய வயல்களும், முன்னைவிட அதிக மரங்களும் நின்றன. மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், ஃபிரான்சிஸ் கிச்சுகி மூவரும் 1994ல் வெளியிட்ட நூலுக்கு இந்தப் படங்கள் அசைக்க முடியாத சான்று. ஆனால் இங்கேதான் நாம் உஷாராக வேண்டும். படத்தில் மரம் தெரியும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாது. வரப்பு கட்ட முடியாமல் நிலத்தை விற்றுவிட்டு நைரோபிக்குப் போனவர் அந்தப் படச் சட்டத்துக்குள் இருக்க மாட்டார்.

பனிப்பாறைப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். எவரெஸ்டின் வடபுறம் ரோங்பக் பனியாற்றை மலையேறி ஜார்ஜ் மல்லோரி 1921ல் எடுத்த படமும், டேவிட் பிரெஷியர்ஸ் 2007ல் எடுத்த மறுபடமும் பார்ப்பவரை உலுக்கக்கூடியவை; பனி நூற்றுக்கணக்கான அடி தாழ்ந்துவிட்டது மறுக்க முடியாதது. எத்தனை வேகத்தில் தாழ்ந்தது, எந்தப் பத்தாண்டில் அதிகம் என்பதற்கு இரண்டு படங்களில் பதில் கிடையாது. வேறு இடங்களில், ஒன்றை மழைக்கு முன்னும் மற்றதைப் பின்னும் எடுத்துவிட்டு 'மாற்றம்' என்று காட்டும் கூத்தும் நடக்கிறது.

இனி இருட்டறை விவகாரம். பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே உணரும். எனவே நீல வானம் வெள்ளைத் தாளாகிவிடும். பச்சை இலையும் செம்மண்ணும் கறுத்துப் போகும். அப்படிப்பட்ட படத்தில் ஒரு குன்று கருகருவென்று இருந்தால் அது அடர்ந்த காடாகவும் இருக்கலாம், செக்கச் சிவந்த மண்ணாகவும் இருக்கலாம். நமக்குப் பழக்கமான உதாரணம் ஒளிப்படக்காரர் லினேயஸ் டிரைப். 1858ல் மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றி, இதே குறையுள்ள மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தவர். திருமலை நாயக்கர் மகாலின் பிந்தைய சீரமைப்புக்கு முந்தைய கோலத்தை இன்று நாம் பார்க்க முடிவது அவர் புண்ணியத்தால். ஆனால் வெளிறிப்போகும் வானத்தைச் சகிக்காமல், நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைகளையும் சேர்த்தவரும் அவர்தான். அந்த மேகங்களை நம்பி 1858ன் மழையைக் கணக்குப் போடக் கிளம்பினால் என்ன ஆகும்!

கலர் வந்த பிறகு சிக்கல் தீரவில்லை, கூடியது. எண்பதுகளின் கல்யாண ஆல்பத்தைப் பிரித்துப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், வாழைமரம் எல்லாம் செம்பழுப்பில் நிற்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப்போனதன் விளைவு அது. அந்தக் காலத்து வயல்வெளிப் படத்தை நேற்றெடுத்த டிஜிட்டல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஊர் பசுமையாகிவிட்டதுபோலத் தோன்றும். ஸ்கேன் செய்து நிறத்தைச் 'சரி' செய்தாலும் அது ஊகம்தான். 1935ல் வந்த கோடாக்ரோம் இதற்கு விதிவிலக்கு. அதன் சாயம் ஃபிலிமிலேயே இல்லாமல் கழுவும்போது சேர்க்கப்பட்டது. இருட்டில் வைத்தால் நிறம் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் சிக்கலான அந்தக் கழுவலைச் செய்யக் கடைசியில் உலகத்திலேயே ஒரே ஒரு லேப்தான் மிஞ்சியது. கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த அதுவும் 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது. நீண்ட காலத் திட்டங்களில் பாதி வழியில் ஃபிலிமே மாறிப்போவது இப்படித்தான்.

ஒளிப்படக்காரர் கமிலோ ஹோசே வெர்காரா அப்படி ஃபிலிம் மாற்றியவர்களில் ஒருவர். சிலியில் பிறந்த இவர் எழுபதுகளிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெம், நியூஜெர்சியின் கேம்டன், டெட்ராய்ட் ஆகிய இடங்களில் அதே தெருமுனைகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஹார்லெமின் 125ஆம் தெருவில் ஒரே கடை முகப்பை 1977 முதல் எடுத்த வரிசையில் இரவு விடுதி போய், மீன் வறுவல் கடை, தள்ளுபடிச் சாமான் கடை, மெத்தைக் கடை என்று மாறிக்கொண்டே வருகிறது. முதலையும் கடைசியையும் மட்டும் காட்டினால் 'வளர்ச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இடையில் இருப்பவற்றைப் பார்த்தால்தான் எத்தனை பேர் கடையைத் திறந்து மூடினார்கள் என்பது உறைக்கும். அதே வெர்காரா 1995ல், டெட்ராய்ட்டின் காலி வானளாவிகளை இடிக்காமல் இடிபாட்டுப் பூங்காவாக விட்டுவிடலாம் என்று எழுதியபோது அந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். சிதைவை ஆண்டுக்கணக்கில் அழகாகப் படமெடுக்கும் கண்ணுக்குச் சிதைவே பிடித்துப்போகும் ஆபத்து இருக்கிறது.

பஃபலோ நகரத்து மில்டன் ரோகோவின் இந்த ஆபத்தில் சிக்கவில்லை. கண்ணாடி கொடுக்கும் மருத்துவரான அவரை, 1957ல் கம்யூனிஸ்ட் வேட்டை விசாரணைக்கு அழைத்துத் தொழிலை முடக்கினார்கள். அவர் கேமராவைக் கையில் எடுத்தார். 1972ல் நகரத்தின் லோயர் வெஸ்ட் சைடில் தொடங்கி, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், பிறகு 2000க்குப் பின்னும் அதே ஆட்களைத் தேடிப் போய் எடுத்தார். எப்படி நிற்பது, யாரோடு நிற்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். பிரிண்டையும் அவர்கள் கையில் கொடுத்தார். குறை இங்கும் உண்டு. மறுபடத்தில் இருப்பவர்கள், மறுபடி கண்டுபிடிக்க முடிந்தவர்கள் மட்டுமே. தொலைந்தவர்களைப் பற்றி அந்த வரிசைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு முடிவு சொல்லும் பழக்கத்தைவிட ரோகோவினின் முறை பல மடங்கு நேர்மையானது. உங்கள் தெருவையோ ஏரியையோ ஆண்டுதோறும் எடுக்க நினைத்தால் தேதி, மணி, நின்ற இடம், லென்ஸ், ஃபிலிம், கழுவிய லேப் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். யாராவது அன்று–இன்று என்று இரண்டு படங்களை நீட்டினால், இடையில் எடுத்தது எங்கே என்று கேளுங்கள்.