உடுத்தியவரும் நெய்தவரும்

அண்மையில் நம் பகுதிப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவிற்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். நாம் சொல்லப்போகும் குறை அப்பள்ளிக்கு மட்டும் உரியதன்று. விழாவின் கருப்பொருள் 'அந்தக் காலப் புதுவை'. மேடையெங்கும் அட்டையில் செய்த வளைவுகளும் மஞ்சள் வண்ணச் சுவர்களும். மூன்று முனைத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த நீண்ட அங்கியும் அணிந்த சிறுவர்கள் துரைகளாக நடைபயின்றனர். குடைபோல் விரிந்த பாவாடையும் கையுறையும் அணிந்த சிறுமியர் துரைசானிகளாக விசிறி அசைத்தனர். அவர்களுக்குப் பின்னே, இடையில் துண்டு மட்டும் கட்டிய நான்கு சிறுவர்கள் பல்லக்குச் சுமந்தனர். ஐந்தாமவன் குடை பிடித்தான்.

ஒப்பனை நன்று, இசை நன்று, ஆசிரியர்களின் உழைப்பு ஒவ்வோர் அசைவிலும் தெரிந்தது. நாமும் கைதட்டினோம். விழா முடிந்து வெளியே வந்தபோது, பல்லக்குச் சுமந்த சிறுவர்களுள் ஒருவன் வந்து தோத்திரம் சொன்னான். நம் பங்கைச் சேர்ந்தவன். அவனுடைய தாய் மரக்காணம் உப்பளத்தில் உப்புச் சுமப்பவர். "உனக்குத் தொப்பி கிடைக்கவில்லையா தம்பி?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "தொப்பிக்கு வாடகை கட்டணும் சாமி. கட்டாதவங்க எல்லாம் பல்லக்கு" என்றான்.

அவன் வருத்தத்தோடு சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னான். அதுவே நம்மை உறுத்தியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யார் பல்லக்கில் ஏறினர், யார் சுமந்தனர் என்பதைப் பணம் தீர்மானித்தது. அதை நடித்துக் காட்டிய மேடையிலும் பணமே தீர்மானித்தது. அந்த விழா தன்னையறியாமல் வரலாற்றை மிகச் சரியாகவே நடித்துவிட்டது எனலாம்.

இன்று இத்தகைய விழாக்கள் பெருகி வருகின்றன. திருமண வரவேற்பு, பிறந்த நாள், நிறுவன விருந்து என எங்கும் 'பிரெஞ்சுக் காலம்' அலங்காரமாகிறது. பழமையை நினைவுகூர்வது தவறன்று. நினைவின்றித் திருச்சபையே இல்லை. ஆனால் எதை நினைவுகூர்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்று கேட்பது திறனாய்வின் கடமை. மேடையில் உடை இருந்தது. உடையின் வரலாறு இல்லை.

பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுவையில் குடியேறியது பெரிதும் துணிக்காகவே. வணிகர் வழியே நெசவாளருக்கு முன்பணம் தரப்பட்டது; நெய்து வந்த துணி தரம் பிரிக்கப்பட்டது; தேறாதது தள்ளப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால் போர்ச் செய்திகளுக்கு இணையாகத் துணி வணிகச் செய்திகளைக் காணலாம். மரக்காணத்திற்கு வடக்கே கடலோரத்தில் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750-இல் துய்ப்ளெக்சுக்கு அளிக்கப்பட்டு, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறிய துறை அது.

புதுவைத் துணிகளுள் புகழ்பெற்றது 'கினே' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த நீலத்துணி. நம் தென்னார்க்காட்டு மண்ணில் விளைந்த அவுரியைத் தொட்டியில் ஊறவைத்து, புளிக்கவைத்து, கலக்கி, வண்டலைக் காயவைத்துக் கட்டியாக்குவர். அந்தச் சாயத்தில் துணியைப் பலமுறை தோய்த்து எடுப்பர். அந்நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கு வாங்குவோர் அதன் பளபளப்பையும் மணத்தையும்கூடச் சோதித்தனர். அங்கே அது உடையாக மட்டுமின்றிப் பணமாகவும் வழங்கியது. பிசின் வணிகம் அதைக் கொண்டே நடந்தது. அதற்கு முன் 18-ஆம் நூற்றாண்டில், இந்தியத் துணிகள் மனிதரை விலைக்கு வாங்கவும் பயன்பட்டன. இங்கே ஓர் ஏழை கைநோக நெய்த துணி, அங்கே இன்னோர் ஏழையின் விலையாயிற்று. இது நெய்தவனின் குற்றமன்று. அவன் அதை அறிந்திருக்கவும் வழியில்லை. அறியும் வாய்ப்புள்ள நாம் அறியாதிருப்பதே குற்றம்.

நம் கோவில்களும் இவ்வரலாற்றுக்கு வெளியே இருந்ததில்லை. 1745-இல் புதுவைக் கோவிலில் நிகழ்ந்ததை நாட்குறிப்பு கூறுகிறது. தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து வைத்த தடுப்புச் சுவர் அகற்றப்பட்டதும் பிற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். அதே செய்தியின் தொடர்ச்சியாக, நகைகளும் மெல்லிய மசுலினும் அணிந்து வந்த ஒரு பெண்ணைக் குருவானவர் கடுமையாக இழிவுபடுத்தியதும் இடம்பெறுகிறது. சுவரை அகற்றியது நற்செய்திக்கு ஏற்ற செயல். ஒரு பெண்ணின் உடையைச் சபையில் பழித்தது நற்செய்திக்கு ஏற்றதன்று. இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்கும்போது, குருவாகிய நமக்குத் தலை குனிகிறது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 'ஐரோப்பிய உடையை அணிந்த தமிழரெல்லாம் அடிமை மனத்தினரா?' என்று கேட்பர். அல்லர். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து புதுவை நீதிமன்றத்திற்குச் சென்றதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிசு உயர் நீதிமன்றம் வரை சென்று வென்றார். அவருக்கு அந்தக் காலணி வேடமன்று. பிறரோடு சமமாக நிற்கும் உரிமை. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பலர் தம் பழைய சாதி, சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்து, குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டனர். நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆகவே எந்த உடை என்பதன்று கேள்வி. அது யாரை நிமிர்த்துகிறது, யாரைக் குனிய வைக்கிறது என்பதே கேள்வி. பொன்னுத்தம்பியின் காலணி நிமிர்த்தியது. நம் மேடையின் தொப்பி ஒரு சிறுவனைப் பல்லக்கின் அடியில் குனிய வைத்தது.

புதுவையின் ஆண்டுக் குறிப்பில் சூலை மாதத்திற்கு இரண்டு நாள்கள் உண்டு. 14-ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசு விழா. இசையும் விளக்கும் அணிவகுப்பும் உண்டு. 30-ஆம் நாள் தியாகிகள் நினைவு நாள். 1936-இல் அந்நாளில், மனிதருக்குரிய வேலை நேரமும் கூலியும் கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பயனாக 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. முதல் விழாவின் உடையை நம் பிள்ளைகள் அறிவர். இரண்டாம் நாளில் இறந்தோர் நெய்த துணியை அறியார். 1898-இல் தோன்றிய ஏ.எப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் தறியோசையைக் காதில் சுமந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரையேனும் நாம் மேடைக்கு அழைத்ததுண்டா?

வேறு வகையாகக் கொண்டாட முடியும் என்பதற்குக் கடல் கடந்து ஒரு சான்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் 'மெட்ராசு' என்றே ஊர்ப்பெயரால் அழைக்கப்படும் கட்டம் போட்ட துணி நம் கரையிலிருந்து சென்றது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்த பெண்கள் அதைத் தலைக்கட்டாகவும் பாவாடையாகவும் தமதாக்கிக்கொண்டனர். செயின்ட் லூசியா தீவில் அக்டோபர் இறுதியில் வரும் கிரியோல் நாளில் அத்துணியை உடுத்தி, தம் மொழியில் பாடித் திருப்பலியில் பங்கேற்கின்றனர். அவர்கள் ஆண்டானின் அங்கியை வாடகைக்கு எடுப்பதில்லை. சுமந்தவர் உடுத்திய துணியையே விழாக்கோலமாக்கினர்.

நம் திருச்சபையிலும் முன்மாதிரி உண்டு. குளூனி சூசையப்பர் சபையின் அருட்சகோதரிகள் 1827-இல் புதுவைக்கு வந்தனர். அவர்கள் பெண்களுக்குக் கற்பித்த பூத்தையல் பலருடைய வீட்டில் அடுப்பெரியச் செய்தது. அச்சபையை நிறுவிய அன்னை ஆன் மரி சவுஏ 1822-இல் செனகல் சென்று உழைத்தவர். பின்னர்த் தென்னமெரிக்காவில் மானா என்னும் ஊரில் அடிமைகளின் விடுதலைக்குத் துணைநின்றவர். 1950-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். புதுவை நீலத்துணி சென்ற நாட்டுக்கே அவரும் சென்றார். துணி வணிகத்தின் வழியே சென்றது, அவர் அன்பின் வழியே சென்றார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. அக்கால விழா எடுங்கள். ஆனால் வாடகைத் தொப்பியில் தொடங்காதீர்கள். திண்டிவனம் பகுதியில் இன்றும் அவுரி விளைகிறது. பிள்ளைகளைச் சாயத் தொட்டி ஒன்றின் அருகே அழைத்துச் செல்லுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாய் இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாவதை அவர்கள் கண்ணால் காணட்டும். தறியில் ஒரு சாண் துணியேனும் நெய்து பார்க்கட்டும். பல்லக்கு வேண்டுமெனில் எல்லாரும் முறைவைத்துச் சுமக்கட்டும். எல்லாரும் முறைவைத்து ஏறட்டும். காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் கைத்தறித் துணியும் ஒரு படி உப்பும் வரட்டும். அந்த உப்பைப் பீடத்திற்குக் கொண்டுவருபவர் உப்பளத்தில் உழைக்கும் தாயாக இருக்கட்டும்.

வீரர்கள் ஆண்டவருக்குச் செந்நிற அங்கி அணிவித்து அரசன் என்று நடித்து நகைத்தனர். பிறகு அவருடைய சொந்த உடைக்குச் சீட்டுப் போட்டனர். உடையை மதித்து ஆளை மறந்த அந்தக் காட்சியை ஒவ்வொரு தவக்காலத்திலும் வாசிக்கிறோம். அதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் விவிலியத்தில் உண்டு. யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, ஏழைக் கைம்பெண்கள் அவர் தங்களுக்குச் செய்து தந்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுதனர் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். அந்த ஆடைகளின் விலையை எவரும் பேசவில்லை; செய்த கைகளையே நினைத்தனர். அந்தக் கண்ணீரில் அவர் உயிர் பெற்றெழுந்தார்.

அடுத்த ஆண்டு விழாவிற்கும் அழைப்பு வரலாம். வந்தால் செல்வோம். ஆனால் கைதட்டுமுன், பல்லக்கின் அடியில் நிற்பவன் யார் என்று முதலில் பார்ப்போம்.