ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்வது. டூயல் பூட் என்ற இந்த முறை பழகுவதற்கு நல்லது. பிழைப்புக்கு நம்பியிருக்கும் கணினியில் யோசிக்காமல் செய்யத் தக்கதல்ல.

இதன் பலம் உண்மையானது. 4 ஜி.பி. ராம் உள்ள கணினியில், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் திணறும். டூயல் பூட்டில், எதைத் திறக்கிறோமோ அதற்கே முழு ராமும் கிடைக்கிறது. ஃபோட்டோஷாப் தேவைப்படுகிறவர் அதைக் கைவிடாமலேயே லினக்ஸைப் பழகலாம்.

சிக்கல் இன்ஸ்டால் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. கடிகாரத்தையே பாருங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் அதையே யு.டி.சி. என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறது. காலை 10 மணிக்கு லினக்ஸைத் திறந்தால் மாலை 3.30 காட்டும். இணையத்தைப் பார்த்து லினக்ஸ் நேரத்தைச் சரிசெய்துவிட்டால், அடுத்து விண்டோஸில் மணி 4.30! நேரம் இப்படித் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காமல் இணையதளங்கள் திறக்க மறுக்கலாம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றச் சொல்பவர்கள் உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் யு.டி.சி.க்கு மாற்றுவதே சரி என்பேன். லினக்ஸே அந்த முதல் வழியை எச்சரிக்கையோடுதான் அனுமதிக்கிறது.

இதைவிட ஆபத்தானது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் தூங்குகிறது. அந்த நேரம் லினக்ஸிலிருந்து சி டிரைவில் வலிந்து எழுதினால் ஃபைல்கள் கெடலாம். பல வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு குறிப்பாகத் தள்ளிவிடுகின்றன. முதல் வேலையாகவே அதை அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரும் அப்படித்தான்: 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து வைக்காமல் பூட் அமைப்பில் கை வைத்தால், சொந்த ஃபைல்களே கைக்கு எட்டாமல் போகக்கூடும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தவரும் தப்பவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, செக்யூர் பூட் இயங்கிய பல கணினிகளில் லினக்ஸ் திறக்கவே மறுத்தது. முழுத் தீர்வு 2025 மே அப்டேட்டில்தான் வந்தது. தனி டிஸ்க் வைத்திருந்தாலும் இது நேர்ந்திருக்கும்; அந்த அப்டேட் விதித்த தடை பதிவானது மதர்போர்டின் நினைவகத்தில்.

ஆனாலும் தனி எஸ்.எஸ்.டி.யைத்தான் பரிந்துரைப்பேன். பார்ட்டிஷனைச் சுருக்கும் ஆபத்து அதில் இல்லை. ஒன்றை மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் மற்றது அப்படியே இருக்கும். டெஸ்க்டாப் என்றால், லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களை விண்டோஸ் டிஸ்க்கிலேயே எழுதிவிடலாம். தனி டிஸ்க் வாங்கியதே வீணாகிவிடும்.