கலைக்களஞ்சியத்தில் ஊகத்திற்கு இடமுண்டா? குமரிக்கண்டத்தை முன்வைத்து

இணையக் கலைக்களஞ்சியத்தில் உறுதிப்படாத செய்திகளைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்குக் "கூடாது" என்பதே பலரும் உடனே தரும் விடை. விக்கிப்பீடியாவின் கொள்கைகளும் மெய்யறிதன்மையைக் கேட்கின்றன. பயனர் தம் சொந்த ஆய்வை எழுதுவதை ஏற்பதில்லை. ஆனால் இவ்விடையை அப்படியே கொண்டால் குமரிக்கண்டம் பற்றி ஒரு கட்டுரையே இருக்க இயலாது. பாடநூல்களிலும் மேடைகளிலும் நெடுங்காலம் வழங்கிவரும் ஒரு கருத்தைக் கலைக்களஞ்சியம் விட்டுவிடுவதும் குறையே. எனவே ஊகத்தைச் சேர்ப்பதா என்பதைவிட, எவ்வாறு எழுதுவது என்பதே இங்கு முதன்மையான சிக்கல்.

கலந்துவிட்ட செய்திகள்

குமரிக்கண்டம் பற்றிய கட்டுரைகளில் வெவ்வேறு காலத்துச் செய்திகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலாவது, இலக்கிய மரபு. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களையும் கடல்கோளையும் கூறுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் என்றும், 49 நாடுகள் என்றும் கணக்கிடுகிறார். கந்தபுராணத்தில் வரும் குமரிகண்டமோ பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்று.

இரண்டாவது, 1864 இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் சிலேட்டர் முன்வைத்த இலெமூரியா. மடகாசுகரில் வாழும் இலெமூர்களுக்கு உறவான விலங்குகள் இந்தியப் பகுதியிலும் காணப்படுவதை விளக்க, மூழ்கிய ஒரு கண்டத்தை அவர் கற்பித்தார். அன்றைய நிலையில் அது முறையான அறிவியல் கருதுகோள். 1912 இல் வெகனர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். 1960களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. அதன்பின் மூழ்கிய கண்டம் தேவையற்றதாயிற்று.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைத்துப் பிற்காலத் தமிழ் எழுத்தாளர்கள் உருவாக்கிய கருத்து. இன்று மாணவர் படிப்பது பெரும்பாலும் இதனையே.

சான்றின் அளவு

பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இந்தியாவும் இலங்கையும் அப்போது நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர் கடல் உயர்ந்து கரையோர நிலங்களை மூழ்கடித்தது. இச்சான்று கரையோர நில இழப்பை மட்டுமே காட்டுகிறது. ஒரு கண்டத்தைக் காட்டவில்லை.

2013 இல் மொரிசியசுத் தீவின் மணலில், அத்தீவின் எரிமலைப் பாறைகளைவிட மிகப் பழைய சிர்க்கான் துகள்கள் கிடைத்ததாக ஆய்வாளர் வெளியிட்டனர். மொரிசியா எனப் பெயரிடப்பட்ட அச்சிறுகண்டத்தைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் உள்ளனர். அது சிதைந்ததோ மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன். இவ்விரண்டையும் தாமே இணைத்து எழுதுபவர் தம் சொந்த ஆய்வைக் கட்டுரையில் நுழைக்கிறார்.

எழுதும் முறை

"குமரிக்கண்டம் கடலில் மூழ்கியது" என்ற தொடர் கலைக்களஞ்சியத்திற்கு ஏற்றதன்று. "மூழ்கியதாக நம்பப்படுகிறது" என மாற்றுவதும் போதாது. நம்புபவர் யார், எக்காலத்தவர், எதனை வைத்து நம்பினார் என்பவற்றை அச்செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. "1864 இல் சிலேட்டர் முன்வைத்தார், புவித்தட்டுக் கொள்கைக்குப் பின் அறிவியலாளர் கைவிட்டனர்" என்ற தொடரில் ஊகமும் அதன் நிலையும் ஒருங்கே தெரிகின்றன. "இரு கருத்துகள் உள்ளன" எனச் சமப்படுத்துவதும் நடுநிலையாகாது. சான்றுள்ள கருத்தும் கைவிடப்பட்ட கருத்தும் ஒரே எடை பெற்றால் படிப்பவர் ஏமாறுவார்.

இக்கலப்பால் பெரிதும் இழப்பது தமிழ் மரபே. உரையாசிரியர்களின் கூற்றை இலெமூரியாவோடு கட்டிவைத்தால், இலெமூரியா பொய்யெனக் கண்ட மாணவர் உரைகளையும் பொய்யெனத் தள்ளிவிடுவார். கடல்கோள் நினைவு ஒரு பண்பாட்டில் எவ்வாறு பதிந்தது என்ற கேள்வி, அக்கண்டம் இருந்ததா என்பதைச் சார்ந்ததன்று. ஊகத்திற்கு அதற்குரிய பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தனியே நிறுத்தினால்தான் அக்கேள்வியை ஆராய வழி பிறக்கும்.