உணரி வலையமைப்புகளின் ஆயுள்: ஒரு விமர்சன நோக்கு

மின்கலத்தில் இயங்கும் சிறு உணரிகள் பலவற்றை ஒரு களத்திலே பரப்பி, அவை அறிபவற்றை வானொலி அலைகள் மூலம் ஒரு தளநிலையத்திலே திரட்டும் அமைப்பே கம்பியில்லா உணரி வலையமைப்பாகும். அதன் ஆயுளை நீடித்தல் பற்றிய ஆய்வுகளுள், ஹைன்சல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லீச்' நெறிமுறைக் கட்டுரை முதன்மையான இடம் பெறுவது.

100 உணரிகளைக் கொண்டு கணினியில் அமைத்த மாதிரியையே அவர்கள் ஆராய்ந்தனர். உணரிகள் யாவும் தளநிலையத்திற்கு நேரே செய்தி அனுப்பின், தொலைவிலுள்ளவை முதலில் அணைந்தன. ஒன்றன்வழி ஒன்றாகக் கைமாற்றின், பிறவற்றின் செய்திகளையும் சுமந்த அண்மை உணரிகள் முதலில் அணைந்தன. இரு முறைகளிலும் களத்தின் ஒரு பக்கமே முதலிற் குருடாகிறது. லீச்சோ உணரிகளைக் குழுக்களாக்கித் தலைமையைச் சுழற்றுகிறது. நூற்றுக்கு ஐந்து தலைமை ஏற்பின், 20 சுற்றுக்களுக்கு ஒருமுறையே ஓர் உணரிக்கு அச்சுமை வரும். சக்திச்செலவு எட்டிலொன்றாகக் குறையலாம் என்ற அவர்தம் கணிப்பினும், சுமையை ஒரு சாரார்மீதே ஏற்றாத இப்பங்கீடே அக்கட்டுரையின் மெய்யான சாதனை என்பது எமது கருத்து.

ஆயின், இப்பங்கீடு எல்லா உணரிகளையும் ஒரு தன்மையனவாகவே கொள்கிறது. நான்கு உணரிகள் நோக்கும் இடத்தில் ஒன்று அணைவதால் பேரிழப்பில்லை. தனித்து நிற்பது அணைந்தாலோ அவ்விடம் பற்றிய செய்தியே அற்றுப்போகும். முதல் உணரியும் இறுதி உணரியும் அணையும் சுற்றுக்களைக் கொண்டு ஆயுளை அளக்கும் அட்டவணையில் இவ்வேறுபாடு புலப்படாது.

2002இல் ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த கிரேட் டக் தீவிலே கடற்பறவைகளின் வளைகளுள் உணரிகள் வைக்கப்பட்டன. (அப்பறவையினத்தின் ஆங்கிலப் பெயரிலும் 'லீச்' என்ற சொல் வருவது தற்செயலே.) வளைக்குள் இருக்கும் உணரி அவ்வளையின் வெப்பத்தையே அறியும், அடுத்த வளையின் உணரி எத்துணை அருகிலிருப்பினும் அதற்கு ஈடாகாது. ஆய்வாளர் பலர் உணரியைச் சுற்றி வரைந்து, 'இது காணும் பரப்பு' எனக் கொள்ளும் வட்டம் அங்கே பொருளற்றதாகிறது.

2009இல் சோரோ என்பாருடன் இணைந்து ஹைன்சல்மனே இக்குறையை எதிர்கொண்டார். நெருக்கமாக உணரிகள் உள்ள இடங்களிலிருந்தே தலைமை தெரியப்படல் வேண்டும் என்பது அவ்வாய்வின் சாரம். வரவேற்கத்தக்க திருத்தமே. எனினும், தனது இடத்தை வேறெவையெல்லாம் நோக்குகின்றன என்பதை ஓர் உணரி அறிய, அயலுணரிகளுடன் செய்தி பரிமாறவேண்டும். அப்பரிமாற்றத்திற்கும் அதே மின்கலமே ஈடுகொடுக்கிறது.